புதை மழைநீர்க் குழாய்

புதை மழைநீர்க் குழாய் என்பது மொட்டை மாடியிலிருந்து இறங்கும் தண்ணீரை நிலத்தடியில் வாங்கி, மழைநீர் சேகரிப்புக் குழிக்கோ கிணற்றுக்கோ தெருவோர வடிகாலுக்கோ கொண்டு சேர்க்கும் குழாய். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபின் இது வீடுதோறும் தேவையாயிற்று. வடகிழக்குப் பருவமழையில் 50 மி.மீ. பெய்தால், 100 சதுர மீட்டர் மாடியில் மட்டும் ஏறக்குறைய 5,000 லிட்டர் தண்ணீர் சேரும். குழாய் உடைந்தால் அந்தத் தண்ணீர் அடித்தளத்தின் ஓரத்து மண்ணை அரிக்கும்.

குழாய் வகைகள்

களிமண்ணைச் சுட்டுச் செய்யும் ஸ்டோன்வேர் குழாய் பழைய வடிகால்களில் பரவலாகக் காணப்படுகிறது. உப்பு மெருகிடும் முறையில், சுமார் 1,200 டிகிரி சூட்டில் சூளைக்குள் உப்பு போடப்படும். அதன் ஆவி களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு கூடிக் கண்ணாடி போன்ற பூச்சாகிறது. இக்குழாய் அமிலத்தாலும் உப்பாலும் அரிக்கப்படாது. ஆனால் வளையாது, அழுத்தம் மிகுந்தால் விரிசல் விடும். நீளம் குறைவு என்பதால் இணைப்புகளும் அதிகம். இப்போது பெரும்பாலும் பதிக்கப்படும் பி.வி.சி. குழாய் உடையாமல் நசுங்கும். பக்கவாட்டு மண் இறுக்கமாக இருந்தால்தான் அதன் வட்ட வடிவம் நிலைக்கும்.

பதித்தலும் காப்பும்

குழாய் எவ்வகையானாலும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது படுக்கைதான். பள்ளத்தின் அடியில் மணல் பரப்பி, குழாய் முழு நீளமும் அதில் அமரும்படி வைக்க வேண்டும். ஸ்டோன்வேர் குழாயின் அகன்ற வாய் அமரும் இடத்தில் மணலைச் சற்றுத் தோண்டாவிட்டால், குழாய் இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டு நடுவில் முறியும். மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு தண்ணீர் ஓடப் போதுமானது. திருப்பங்களில் சேம்பர் கட்டுவதும், மாடித் துளையில் சருகு தடுக்கும் வலை வைப்பதும் அடைப்பைக் குறைக்கும்.

கார் ஏறும் பாதையின் கீழே குழாய்க்கு மேல் சுமார் 90 செ.மீ. மண் இருப்பது நல்லது. அந்த ஆழம் கிடைக்காத இடத்தில் குழாயைச் சுற்றிலும் 15 செ.மீ. கான்கிரீட் போடலாம், அல்லது பள்ளத்தின் இருபுறமும் சுவர் கட்டி, கம்பி கட்டிய கான்கிரீட் பலகையால் மூடலாம். வீடு கட்டும்போது ஜல்லி லாரி ஏறுவதற்கு முன்பே இந்தக் காப்பு தயாராக வேண்டும்.

பழுது அறிதல்

தளம் ஓரிடத்தில் அமிழ்தல், மழையின்போது பாதையோரம் தண்ணீர் ஊறி எழுதல், மாடியில் தண்ணீர் தேங்குதல் ஆகியவை முதல் அறிகுறிகள். சேம்பரிலிருந்து நீளக் கம்பியை உட்செலுத்தி, அது நிற்கும் தூரத்தைத் தரையின் மேல் அளந்தால் அடைப்போ உடைசலோ உள்ள இடம் தெரியும். வேம்பு, அரசு போன்ற மரங்களின் வேர்கள் இணைப்பு இடுக்கில் நுழைவதும் பொதுவான காரணம்.

பழுது நீக்கல்

மழையில்லா நாளில் குழாயின் பக்கங்களைக் கையால் தோண்டித் திறக்க வேண்டும். கடப்பாரை நல்ல பகுதியையும் உடைத்துவிடும். பி.வி.சி. குழாயில் சேதமான துண்டை நேராக அறுத்து, புதுத் துண்டைப் பசை பூசிக் கப்ளிங்கால் இணைக்கலாம். ஸ்டோன்வேர் குழாயில் உடைந்த துண்டு முழுவதையும் மாற்ற வேண்டும். இணைப்பில் சிமென்ட் பாலில் நனைத்த சணல் கயிற்றைத் திணித்து, சம அளவு சிமென்ட்டும் மணலும் சேர்ந்த கலவையால் மூடுவது வழக்கம்.

ஸ்டோன்வேருடன் பி.வி.சி.யைச் சேர்க்கும்போது பி.வி.சி. பசை பிடிக்காது. இரும்புப் பட்டை இறுக்கும் ரப்பர் கப்ளிங் இதற்கு ஏற்றது. அது கிடைக்காதபோது, பி.வி.சி. முனையில் பசை தடவி மணல் தூவி உலரவிட்டால், சொரசொரப்பான அந்தப் பரப்பில் சிமென்ட் கலவை பிடிக்கும்.

மூடுவதற்கு முன் கீழ்முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இருபக்கமும் சமமாக மணல் இட்டு, கல் இல்லாத மண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டுத் திமிசால் இடிக்க வேண்டும். குழாய்க்கு மேல் 30 செ.மீ. மண் சேரும்வரை உச்சியில் இடிக்கக் கூடாது. கலவையும் கான்கிரீட்டும் இறுகும்வரை வண்டியை அதன்மேல் ஏற்றக் கூடாது.