ஒரு பிசாசு, இரண்டு படம்

வடக்கே வேலை பார்க்கும் நம் ஜனங்களுக்கு ஒரு சின்ன உபாயம் சொல்கிறேன். ஆபீஸில் ஹிந்திக்காரர்களோடு பேச்சு ஓடாமல் நின்றுவிட்டால் 'புரானா மந்திர்' என்று ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவராக இருந்தால் பெரும்பாலும் முகம் மலர்ந்துவிடும். நாம் ஊரில் 'யார்?', '13-ஆம் நம்பர் வீடு' என்று போர்வைக்குள் புகுந்துகொண்ட மாதிரி, அவர்களுக்கு ராம்ஸே சகோதரர்களின் படங்கள். அடுத்த வார்த்தையாக 'சாம்ரி' என்று சொன்னால் மலர்ந்த முகம் சண்டைக்குத் தயாராகிவிடும். 1984-இல் வந்த 'புரானா மந்திர்' உசத்தியா, 1985-இல் அதே பிசாசின் பெயரில் வந்த '3டி சாம்ரி' உசத்தியா என்பது எங்கள் சாப்பாட்டு மேஜையில் இன்னும் தீராத வழக்கு.

வழக்கை எடுப்பதற்கு முன் கொஞ்சம் வரலாறு. இதுவே ஒரு குடிபெயர்ந்த குடும்பத்தின் கதைதான்.

எஃப். யு. ராம்ஸே என்பவரின் உண்மையான குடும்பப் பெயர் ராம்சிங்கானி. சிந்திக்காரர். கராச்சியில் ரேடியோ கடை. வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் வாயில் ராம்சிங்கானி நுழையவில்லை, ராம்ஸே ஆகிவிட்டது. (நம் பெயர்களை வடக்கே என்ன பாடுபடுத்துகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது!) பிரிவினைக்குப் பின் குடும்பம் பம்பாய் வந்தது. லாமிங்டன் ரோடில் மறுபடியும் ரேடியோ கடை. மும்பையில் இருப்பவர்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டர் சாமான் வாங்கப் போவோமே, அதே லாமிங்டன் ரோடுதான்.

மனிதருக்கு சினிமா ஆசை. 1963-இல் பிருத்விராஜ் கபூர், சுரையா நடித்த 'ருஸ்தம் சொஹ்ராப்' தயாரித்தார். 1970-இல் 'ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ'. அது ஓடவில்லை. ஆனால் தியேட்டரில் உட்கார்ந்து ஜனங்களை கவனித்த மகன்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பிருத்விராஜ் கபூர் கோரமான முகமூடி போட்டுக்கொண்டு திருட வரும் அந்த ஒரு காட்சிக்கு மட்டும் கூட்டம் மிரண்டு ரசித்தது. அப்படியானால் படம் முழுக்க அதையே கொடுத்தால் என்ன?

1972-இல் 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே' வந்தது. பெரிய நட்சத்திரம் இல்லை, செட் இல்லை. மகாபலேஷ்வரில் போய் இறங்கி, குடும்பமே யூனிட்டாக நின்று, சுமார் 3.5 லட்ச ரூபாயில் படத்தை முடித்துவிட்டார்கள் என்று அவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். ஏழு சகோதரர்கள். குமார் கதை எழுத, கங்கு கேமராவைப் பிடிக்க, துளசியும் ஷ்யாமும் இயக்க, மற்றவர்கள் மீதி வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். இந்தக் குடிசைத் தொழில் முறையில் பன்னிரண்டு வருஷம் பழகிய கை எடுத்த படம்தான் 'புரானா மந்திர்'.

கதை சுருக்கம் இதுதான். இருநூறு வருஷத்துக்கு முன் சாம்ரி என்ற கொடூரன். ராஜா ஹரிமான் சிங் அவன் தலையை வெட்டச் சொல்கிறார். உடலை ஒரு பாழடைந்த கோயில் பக்கம் புதைக்கிறார்கள், தலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி அரண்மனையில் வைக்கிறார்கள். சாகும்போது அவன் சாபம் கொடுக்கிறான். தலையும் உடலும் பிரிந்திருக்கும்வரை இந்த வம்சத்துப் பெண்கள் பிரசவத்தில் சாவார்கள். இரண்டும் சேர்ந்தாலோ, அவனே எழுந்து வந்து வம்சத்தையே அழிப்பான்.

இப்போது புரானா மந்திர் கட்சியின் வாதத்தைக் கேளுங்கள். இந்தச் சாபத்தின் கணக்கைப் பாருங்கள் என்பார்கள். பெட்டி மூடியிருந்தால் பெண்கள் சாவார்கள், திறந்தால் எல்லோரும் சாவார்கள். எந்தப் பக்கம் போனாலும் வழியில்லை. மகள் (ஆர்த்தி குப்தா) காதலிக்கிறாள் என்றதும் தாக்கூர் அப்பா (பிரதீப் குமார்) எகிறுகிறார். வழக்கமான அந்தஸ்துத் திமிர் என்று நினைக்கிறோம். அப்புறம்தான் தெரிகிறது, கல்யாணம் ஆனால் குழந்தை, குழந்தை என்றால் மரணம். அப்பாவின் முரட்டுத்தனத்துக்குப் பின்னால் இருப்பது பயம். பிசாசு வெளியே வராமலேயே முக்கால்வாசி படம் பயமுறுத்துகிறது என்றால் இந்த விதிதான் காரணம். விதி எழுதப் பணம் தேவையில்லை. ஒரு பெட்டி, ஒரு சங்கிலி, முருட் ஜஞ்சிராவில் நவாப்பின் பழைய அரண்மனை. அவ்வளவுதான் முதலீடு.

குறை இல்லையா? இருக்கிறது. ஜக்தீப் 'ஷோலே'யைக் கிண்டல் செய்கிறேன் என்று மச்சர் சிங்காக வரும் கிளைக்கதை வந்தாலே கை தானாக ரிமோட்டுக்குப் போகும். பாட்டுகளும் அப்படித்தான். ஆனால் அன்றைய சின்ன ஊர் தியேட்டருக்கு அது முழுச்சாப்பாடு. பேய் மட்டும் போட்டால் இலையில் வெறும் ஊறுகாய் வைத்த மாதிரி ஆகிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

படம் பெரிய வெற்றி. அடுத்து என்ன? இங்கேதான் நம் தென்னாடு உள்ளே வருகிறது. அதே 1984-இல் நவோதயாவின் 'மை டியர் குட்டிச்சாத்தான்', இந்தியாவின் முதல் 3டி படம், மலையாளத்தில் வந்து சக்கைப்போடு போட்டது. ஜிஜோ இயக்கம், அசோக்குமார் கேமரா, நம் இளையராஜா இசை. உடனே எல்லோருக்கும் கண்ணாடி ஜுரம். தமிழில் விஜயகாந்த் நடித்த 'அன்னை பூமி', ஹிந்தியில் ஜாக்கி ஷெராஃபின் 'ஷிவா கா இன்சாஃப்', எல்லாம் 1985. ராம்ஸேக்கள் சும்மா இருப்பார்களா? சாம்ரியின் பெயரையும் அதே நடிகரையும் எடுத்துக்கொண்டு '3டி சாம்ரி'யை இறக்கினார்கள்.

பெயரையும் நடிகரையும் மட்டும்தான் எடுத்தார்கள். கதை வேறு. இதில் சாம்ரி மாந்திரீகம் தெரிந்த ஒரு பணக்காரர். சொத்துக்காகக் கூட இருப்பவர்களே அவரைக் கொன்றுவிடுகிறார்கள். அவர் எழுந்து வந்து ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்க்கிறார். பிரேம் சோப்ரா, குல்ஷன் குரோவர் எல்லாம் இருக்கிறார்கள் என்றால் யார் யார் சாவார்கள் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எதிர்க்கட்சி இங்கே லேசாகச் சிரிக்கும். பெட்டி எங்கே, விதி எங்கே, ஹீரோவுக்கு இதில் என்ன நஷ்டம்? 3டிக்காகச் சாமான்களை நம் முகத்தை நோக்கி நீட்டிக்கொண்டே இருந்தால் கதை எப்போது நகர்வது? நியாயம்தான். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணாடி போட்டால் திரை இருட்டாகும். ராம்ஸே படமே பாதி இருட்டு. இருட்டுக்குள் இருட்டு! இன்று வீட்டில் கண்ணாடியில்லாமல் பார்த்தால் அந்த நீட்டல்களுக்கு அர்த்தமே கிடையாது. தொழில்நுட்பத்தை நம்பி எடுத்தது அந்தத் தொழில்நுட்பத்தோடேயே போய்விட்டது. விதியை நம்பி எடுத்தது நாற்பது வருஷமாக நிற்கிறது.

படமாகப் பார்த்தால் என் ஓட்டும் 'புரானா மந்திர்'க்குத்தான். ஆனாலும் இரண்டாவதை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. காரணம் அனிருத் அகர்வால்.

சாம்ரியாக நடித்தவர் அவர். டேராடூன்காரர், ரூர்க்கியில் சிவில் எஞ்சினியரிங் படித்தவர். பம்பாயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆறேகால் அடிக்கு மேல் உயரம். பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியால் முகமும் கை கால்களும் பெருத்துவிட்டன என்று பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். ராம்ஸேக்களிடம் போனார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவர்களுக்குப் பிசாசு கிடைத்துவிட்டது. பெரிய மேக்கப் செலவுகூட இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு முதல் படத்தை மறுபடி பாருங்கள். நாம் எதைப் பார்த்து அலறினோம்? ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்து. 'புரானா மந்திர்' அந்த முகத்துக்கு ஒரு நியாயமும் கொடுக்கவில்லை. அவன் ஏன் அப்படி ஆனான் என்று ஒரு வார்த்தை கிடையாது. முகம் விகாரம், ஆகவே ஆள் கொடூரம், முடிந்தது வழக்கு. சிக்கனத்தின் இன்னொரு பக்கம் இது. குறைந்த செலவில் பயமுறுத்தினார்கள் என்று கொண்டாடுகிறோமே, அந்த மிச்சத்தில் ஒரு பங்கு ஒரு மனிதரின் உடம்பிலிருந்து வந்தது.

'3டி சாம்ரி' எத்தனை மொக்கையாக இருந்தாலும் அதில் அதே முகத்துக்கு ஒரு குறை சொல்ல இடம் இருக்கிறது. அவருக்கு வீடு இருந்தது, சொத்து இருந்தது, நம்பியவர்கள் துரோகம் செய்தார்கள். பிசாசு யார் என்றால், அழகான முகத்தோடு விஷம் வைக்கக்கூடியவர்கள். ராம்ஸேக்கள் இதை யோசித்துச் செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. வெற்றி பெற்ற பிசாசை மறுபடி காசாக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் படத்தில் அது நடந்திருக்கிறது.

பிற்பாடு அனிருத் 1990-இல் ராம்ஸேக்களின் 'பந்த் தர்வாஸா'வில் மறுபடி பிசாசானார். 1994-இல் சேகர் கபூரின் 'பேண்டிட் குவீன்' படத்தில் கொள்ளைக்காரன் பாபு குஜ்ஜராக வந்தார். பிசாசு வேஷம் இல்லாமலேயே அவர் எவ்வளவு மிரட்டக்கூடியவர் என்று அதில் தெரியும். அது முகத்தால் வந்த மிரட்டல் இல்லை, நடிப்பு.

ராம்ஸேக்கள் 1993-இல் 'ஜீ ஹாரர் ஷோ' மூலம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். வடக்கே வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு அறிமுகம் அங்கேதான். துளசி 2018-இலும் ஷ்யாம் 2019-இலும் கங்கு 2024-இலும் காலமானார்கள். படங்கள் இன்னும் ஓடுகின்றன.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் சிபாரிசு: முதலில் 'புரானா மந்திர்', குழந்தைகள் தூங்கியபின். மச்சர் சிங் வரும்போது எழுந்து காபி போட்டுக்கொள்ளலாம். 'சாம்ரி'யை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அது பயத்துக்கு இல்லை. போன வாரம் எந்த முகத்தைப் பார்த்து அலறினீர்களோ, அந்த முகம் இந்த வாரம் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லும். அரைகுறையாகத்தான் சொல்லும், கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள் :-)