அல்ஜீரியா: காணி பறிபோன சனம் நாட்டைக் கேட்ட கதை

பாரிசில் லா சப்பல் கடைத்தெருவுக்குப் போகாத எங்கட ஆக்கள் இருக்க மாட்டினம். அதுக்குப் பக்கத்திலேயே பார்பெஸ், குத் தோர் பகுதிகள் இருக்கின்றன. எங்களுக்கு எத்தனையோ காலம் முந்தியே அல்ஜீரியர் வந்து குடியிருந்த இடங்கள் அவை. ஒரே சந்தையில் மரக்கறி வாங்குகிறோம். ஒரே பக்டரியில் ஒரே மெசினில் மாறி மாறி நிற்கிறோம். ஆனாலும் அவர்கள் ஏன் இங்கே வந்தார்கள், அவர்களுடைய நாடு எப்படி விடுதலை பெற்றது என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. என்னோடு வேலை செய்கிற அல்ஜீரிய நண்பர்கள் சொல்லக் கேட்டதையும், நூலகத்தில் தேடி வாசித்ததையும் சேர்த்து இந்தப் புத்தாண்டு மலருக்கு எழுதுகிறேன்.

அல்ஜீரியப் போராட்டம் 1954இல் துவக்குச் சத்தத்தோடு தொடங்கியது எண்டுதான் பொதுவாகச் சொல்லுவினம். அதன் வேர் காணியில் கிடக்கிறது. காணியை இழந்தவன் கூலியாகி இந்த நாட்டுத் தொழிற்சாலைக்கு வந்தான். இங்கே நின்றுதான் சுதந்திரம் வேண்டுமென்று ஓர் அமைப்பாகக் கேட்டான்.

விசிறி அடியும் படையெடுப்பும்

1790களில் பிரான்ஸ் அல்ஜீரியாவிலிருந்து கடனுக்குக் கோதுமை வாங்கியது. கடன் தீரவில்லை. 1827இல் அல்ஜியர்ஸ் ஆட்சியாளர் ஹுசைன், பிரெஞ்சுத் தூதுவரிடம் அந்தக் கடனைப் பற்றிக் கேட்டார். வாக்குவாதம் முற்றி, கையிலிருந்த ஈ ஓட்டும் விசிறியால் தூதுவரை அடித்துவிட்டார். அந்த அவமானத்தையே சாட்டாக வைத்து 1830 ஜூன் மாதம் 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சுப் படையினர் வந்து இறங்கினர். ஜூலை 5ஆம் திகதி அல்ஜியர்ஸ் விழுந்தது.

சனம் சும்மா இருக்கவில்லை. அமீர் அப்துல் காதர் 1832 முதல் 1847 வரை எதிர்த்து நின்றார். பிரெஞ்சுப் படை பயிரை எரித்தது, ஆடு மாடுகளைப் பறித்தது. 1845இல் தாஹ்ரா மலைக் குகைகளில் ஒளிந்திருந்த நூற்றுக்கணக்கானோரைப் புகை போட்டே கொன்றது. 1848இல் அல்ஜீரியா பிரான்சின் ஒரு பகுதி என்று அறிவித்து அதை மூன்று மாவட்டங்களாகப் பிரித்தார்கள்.

காணி எப்படிப் போனது?

குடியேற்றம் என்ற சொல் எங்களுக்குப் புதிதில்லை. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வழி பறிமுதல். 1871இல் கபிலியா பகுதியில் மொக்ரானி தலைமையில் பெரிய கிளர்ச்சி நடந்தது. அதை அடக்கிய பிறகு 3 கோடி 60 லட்சம் பிராங்குக்கு மேல் தண்டம் விதித்தார்கள். சுமார் நாலரை லட்சம் ஹெக்டேயர் காணியையும் எடுத்தார்கள். பிடிபட்டவர்களில் பலரை பசுபிக் கடலில் இருக்கிற நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தினார்கள். அதே வருடம் ஜேர்மனியிடம் அல்சாஸ், லொரேன் பகுதிகளை இழந்து ஓடிவந்த பிரெஞ்சுச் சனத்துக்கென்று அல்ஜீரியாவில் ஒரு லட்சம் ஹெக்டேயர் ஒதுக்கப்பட்டது. ஓர் அகதிக்குக் கொடுத்த காணி இன்னொருவனை அகதியாக்கியது.

இரண்டாவது வழி சட்டம். அல்ஜீரியாவில் பெரும்பாலான காணி குடும்பத்துக்கும் குலத்துக்கும் பொதுவாக இருந்தது. எங்கட யாழ்ப்பாணத்துப் பிரிபடாத காணி மாதிரி எண்டு வையுங்கோ. பங்குக்காரன் விற்பதென்றால் மற்றப் பங்குக்காரருக்குத்தான் முதலுரிமை என்று தேசவழமை சொல்கிறது. அந்தக் கட்டு இருக்கிறபடியால் வெளியாள் இலேசில் உள்ளே வர ஏலாது. அல்ஜீரியாவில் 1873இல் வந்த வார்னியே சட்டம் அப்படியான கட்டை அவிழ்த்துவிட்டது. காணி வியாபாரி ஒருவரிடம் சின்னப் பங்கொன்றை மலிவாக வாங்குவான். பிறகு கோட்டுக்குப் போய் காணியைப் பிரித்துத் தரச்சொல்லி வழக்குப் போடுவான். வழக்குச் செலவே காணி விலையை விழுங்கிவிடும். கடைசியில் முழுக் காணியும் ஏலத்துக்கு வரும், அவனே எடுப்பான். கையெழுத்தும் முத்திரையும் எல்லாம் சரி, காணிக்காரன்தான் தெருவில்.

கோதுமை விளைந்த நிலத்தில் திராட்சை வந்தது. பிரான்சில் திராட்சைக் கொடிகளை ஒரு பூச்சி அழித்த காலம் அது. 1930களில் அல்ஜீரியாவில் சுமார் 4 லட்சம் ஹெக்டேயரில் திராட்சை நின்றது. மது விலக்கப்பட்ட முஸ்லிம் சனம், மதுவுக்காகத் தன்னுடைய பழைய காணியிலேயே கூலிக்கு நின்றது. 1954 அளவில் சுமார் 22 ஆயிரம் ஐரோப்பியப் பண்ணைகளிடம் 27 லட்சம் ஹெக்டேயர் நல்ல நிலம் இருந்தது.

ஒரே நாடு, இரண்டு சட்டம்

குடியேறியவர்கள் எல்லோரும் பிரெஞ்சுக்காரர் இல்லை. ஸ்பெயின், இத்தாலி, மால்ட்டாவிலிருந்து வந்த ஏழைகளும் இருந்தார்கள். 1889இல் வந்த சட்டத்தால் அவர்களுடைய பிள்ளைகள் பிரெஞ்சுப் பிரசைகளானார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த முஸ்லிமுக்கோ, தன் மதவழிக் குடும்பச் சட்டத்தைக் கைவிட்டால்தான் பிரசாவுரிமை. 1881இல் வந்த சுதேசிகள் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் பயணம் செய்தாலும் அதிகாரியை மரியாதைக் குறைவாகப் பேசினாலும் தண்டனை. முதலாம் உலகப் போரில் 1,70,000 வரையான அல்ஜீரியர் பிரெஞ்சுப் படையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் தொழிலாளராக பிரான்சுக்கு வந்தார்கள். சாகும்போது சமம், வாக்குப் போடும்போது சமமில்லை.

பாரிஸ் பக்டரியில் பிறந்த கோரிக்கை

வந்த தொழிலாளரில் பெரும்பான்மையினர் காணி பறிபோன அந்தக் கபிலியாக்காரர். 1926இல் பாரிசில் இந்தத் தொழிலாளரிடையேதான் 'வட ஆபிரிக்க நட்சத்திரம்' என்ற அமைப்பு உருவானது. அதன் தலைவராக வந்த மெசாலி ஹாஜ், தலெம்சென் நகரத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. பாரிசில் பக்டரி வேலையும் சந்தை வியாபாரமும் செய்தவர். 1927 பெப்ரவரியில் பிரசல்ஸ் நகரில் நடந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டில் அல்ஜீரியாவுக்கு முழுச் சுதந்திரம் வேண்டுமென்று கேட்டார். அதே மாநாட்டுக்கு நேருவும் வந்திருந்தார். அரசு அமைப்பை 1929இலும் 1937இலும் கலைத்தது. கலைக்கக் கலைக்கப் புதுப் பெயரில் எழும்பியது. வேலை முடிந்து கோப்பிக்கடையில் கூடுகிற தொழிலாளரின் சந்தாக் காசில்தான் அது உயிர் வாழ்ந்தது.

1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். செத்திப் நகரில் ஊர்வலம் போனவர்கள் அல்ஜீரியக் கொடியைத் தூக்கினார்கள், பொலிஸ் சுட்டது. கோபம் கொண்ட சனம் சுமார் 100 ஐரோப்பியரைக் கொன்றது. அதுக்குப் பதிலாகப் படையினரும் ஆயுதம் தாங்கிய குடியேறிகளும் வாரக்கணக்கில் ஊர் ஊராகக் கொன்றார்கள். அல்ஜீரியா சொல்கிற கணக்கு 45,000. பல ஆயிரம் பேர் என்பதைப் பிரெஞ்சு ஆசிரியர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். வாக்குப் பெட்டியிலாவது நியாயம் கிடைக்குமா எண்டு பார்த்தால், 1947இல் தந்த சபையில் 10 லட்சம் ஐரோப்பியருக்கு 60 ஆசனம், அவர்களைப் போல் எட்டு மடங்கான முஸ்லிம்களுக்கும் 60 ஆசனம். 1948 தேர்தலிலும் பெரிய மோசடி. எல்லாக் கதவும் சாத்தின பிறகு 1954 நவம்பர் 1ஆம் திகதி தேசிய விடுதலை முன்னணி ஆயுதப் போரைத் தொடங்கியது.

சொல்லக் கசக்கிற பகுதி

இதை எழுதாமல் விட்டால் சரித்திரம் ஆகாது. விடுதலை முன்னணி மெசாலியின் ஆட்களை ஏற்கவில்லை. அவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. பிரான்சில் கோப்பிக்கடைகளிலும் விடுதிகளிலும் அல்ஜீரியரை அல்ஜீரியரே சுட்டதில் சுமார் 4,000 பேர் செத்தார்கள். 1957இல் மெலூசா பகுதியில் சுமார் 300 கிராமத்தவரை முன்னணியே கொன்றது. தொழிலாளர் மாதாமாதம் கொடுத்த காசில் போராட்டம் நடந்தது. விரும்பிக் கொடுத்தவர் பலர், பயத்தில் கொடுத்தவரும் உண்டு.

மற்றப் பக்கம் பிரெஞ்சு அரசின் சித்திரவதைகள். 20 லட்சத்துக்கு மேற்பட்ட சனத்தை ஊரிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். 1961 அக்டோபர் 17ஆம் திகதி பாரிசில் ஊரடங்கை எதிர்த்து அமைதியாக ஊர்வலம் போன அல்ஜீரியரில் 11,000 பேர் வரை கைதானார்கள். பலரைக் கொன்று சேன் நதியில் போட்டார்கள். அன்றைய பொலிஸ் தலைவர் மோரிஸ் பப்போன். அவருக்கு 1998இல் தண்டனை கிடைத்தது வேறு குற்றத்துக்கு, இதுக்கு இல்லை. 2001இல் சென் மிஷெல் பாலத்தடியில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். அந்தப் பக்கம் போனால் ஒருக்கா நின்று வாசியுங்கோ.

1962 மார்ச்சில் எவியான் ஒப்பந்தம். ஜூலை 5, அல்ஜியர்ஸ் விழுந்த அதே திகதியில், 132 வருடத்துக்குப் பிறகு சுதந்திரக் கொண்டாட்டம். செத்தவர் தொகை 15 லட்சம் என்று அல்ஜீரியா சொல்கிறது. பிரெஞ்சு ஆசிரியர்களின் கணக்கு அதைவிடக் குறைவு, அதுவும் லட்சக்கணக்கில்தான். அந்த ஒரு வருடத்திலேயே ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஐரோப்பியர் பெட்டியோடு வெளியேறினார்கள். அவர்களில் பலர் அங்கேயே பிறந்த ஏழைகள். அரசு தன் தேவைக்குக் கொண்டுவந்து இருத்திய குடியேறியையும் கடைசியில் அகதியாக்கித்தான் விட்டது.

மெசாலி 1974இல் பிரான்சிலேயே கண்மூடினார். உடல்தான் ஊருக்குப் போனது. சுதந்திரத்தை முதலில் கேட்டவரைப் பல வருடம் அவருடைய நாடே பேசவில்லை. இன்று தலெம்சென் விமான நிலையத்துக்கு அவருடைய பெயர்.

எங்கட பிள்ளையள் இங்கே பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். அவர்களோடு இதைக் கதையுங்கோ. காணி எப்படிப் போகிறது, உரிமை எப்படிப் போகிறது, சொந்தச் சகோதரனை எதிரியாக்கினால் என்ன மிஞ்சும் என்று அவர்கள் கேட்பார்கள். மறைக்காமல் பதில் சொல்லுங்கோ. அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.