காசநோய் அறிதலில் கோழை: சொல்லும் சோதனையும்

உடலின் இயக்கத்தை வளி, அழல், ஐயம் என்னும் மூன்றன்வழி விளக்குவது தமிழ் மருத்துவ மரபு. இவற்றுள் ஐயத்தோடு இயைத்துக் காணப்பட்டது கோழை. எனினும் நாடி, நா, விழி முதலான சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளில் மலமும் சிறுநீரும் இடம்பெற்றிருக்க, கோழை தனித் தேர்வாக அமையவில்லை என்பது கருதத்தக்கது. ஐயம் என்னும் சொல் சந்தேகத்தையும், கோழை என்னும் சொல் அஞ்சுபவனையும் குறிப்பதாக வழங்குவது சுவையான தற்செயல் எனலாம்.

1882 மார்ச் 24இல் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்ததைப் பெர்லினில் அறிவித்தார். சீல், நீல்சன் ஆகியோரின் பெயரால் வழங்கும் சாயமேற்றும் முறை அடுத்த சில ஆண்டுகளில் உருப்பெற்றது. இம்முறையில் கண்ணாடித் தகட்டில் பூசிய கோழையின்மீது சாயமிட்டுச் சூடேற்றுவர். பின்னர் அமிலத்தால் கழுவுவர். பிறவெல்லாம் நிறமிழக்கக் காசக்கிருமி மட்டும் சிவப்பை விடாது பற்றிநிற்கும். அருவருப்புடன் துப்பி எறியப்பட்ட பொருள் இவ்வாறு நோய்க்குச் சான்றாயிற்று.

ஆயினும் இந்தியாவில் இச்சான்று பொதுச் சுகாதாரத் திட்டத்தின் அடிப்படையாவதற்கு நெடுங்காலம் பிடித்தது. நோயாளரைக் கண்டறிய ஊடுகதிர்ப் படமே உகந்தது என்னும் கருத்து வலுவாக இருந்தது. அக்கருவியையும் மின்சாரத்தையும் சிற்றூர்தோறும் கொண்டுசெல்வது எளிதன்று. 1959இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சார்ந்த பானர்ஜி, ஆண்டர்சன் ஆகியோர் தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில் நிகழ்த்திய ஆய்வு 1963இல் வெளியாயிற்று. கிராம மக்கள் தம் நோயை உணராதவர்கள் என்ற எண்ணத்தை அது தகர்த்தது. கிருமியுள்ள நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னரே மருத்துவ நிலையங்களை நாடிச் சென்றிருந்தனர். அங்கே பெரும்பாலும் இருமல் மருந்து கொடுத்து அனுப்பப்பட்டிருந்தனர். வீடுவீடாகத் தேடவேண்டிய தேவையைவிட, இருமலோடு தாமே வந்தவரின் கோழையைச் சோதிக்கவேண்டிய தேவையே முதன்மையானது என்பது புலனாயிற்று. 1962இல் தொடங்கப்பெற்ற தேசியக் காசநோய்த் திட்டம் பொதுமருத்துவ நிலையத்து நுண்ணோக்கியை நம்பியதன் நியாயம் இதுவே.

நுண்ணோக்கிச் சோதனைக்கு எல்லை உண்டு. ஒரு மில்லிலிட்டர் கோழையில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 வரை கிருமிகள் இருந்தாலன்றி அவை கண்ணில் படுவதரிது. எனவே தரப்படும் மாதிரியின் தரம் இன்றியமையாதது. சிக்கல் இங்கேதான் மொழியை வந்து தொடுகிறது. பேச்சுவழக்கில் சளி என்பது மூக்கில் ஒழுகுவதையும் குறிக்கும், மார்பில் கட்டுவதையும் குறிக்கும், தடிமனாகிய நோயையும் குறிக்கும். ‘சளி கொடுங்கள்’ எனக் கேட்கப்பட்டவர் குப்பியில் எச்சிலை உமிழ்ந்து தந்தால் பிழை அவருடையதன்று. எச்சிலில் கிருமி தென்படாதபோது நோயில்லை என்றே முடிவு எழுதப்படும். நோயாளி வீடு திரும்புவார், உடன் வாழ்வோருக்கும் நோய் பரவும்.

இஃது ஊகமன்று. பாகிஸ்தானின் இராவல்பிண்டியில் நடத்தப்பெற்று 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வொன்றில், எச்சிலுக்கும் கோழைக்கும் உள்ள வேறுபாடும் ஆழ மூச்சிழுத்து இருமி எடுக்கும் முறையும் ஒரு பகுதியினருக்கு முன்னரே விளக்கப்பட்டன. விளக்கம் பெறாத பெண்களுள் 8 விழுக்காட்டினரிடமே கிருமி காணப்பட்டது. விளக்கம் பெற்ற பெண்களிடம் அது 13 விழுக்காடாயிற்று. ஆண்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. பலர்முன் காறி உமிழ்வது பெண்ணுக்குத் தகாது என்னும் வழக்கம் நிலவும் சமூகங்களில் இவ்வேறுபாடு வியப்புக்குரியதன்று.

2010க்குப்பின் பரவிய மரபணுச் சோதனைக் கருவி மிகக் குறைந்த கிருமிகளையும் காட்டவல்லது. அதற்கும் பெரும்பாலும் கோழையே வேண்டப்படுகிறது. சிறு குழந்தைகள் கோழையைத் துப்பாமல் விழுங்கிவிடுவர். ஆதலின் அதிகாலையில் வெறும் வயிற்றில் இரைப்பை நீரை உறிஞ்சியெடுத்து அதில் கிருமியைத் தேடுகின்றனர்.