கொத்தளமும் கச்சேரியும்

2001ஆம் ஆண்டு வெளிவந்த 'சிவிலிசேஷன் 3' என்னும் கணினி விளையாட்டில், தலைநகரிலிருந்து ஒரு நகரம் விலக விலக அங்கே ஊழல் பெருகும், வருவாய் கரையும். நீதிமன்றம் எழுப்பினால் கசிவு குறையும். தொலைவில் இன்னோர் அரண்மனை கட்டினால் அது இரண்டாம் தலைநகரம்போல் பயன்தரும். கட்டடங்கள் உண்மையிலேயே ஊழலைக் கட்டுப்படுத்துமா? எட்டயபுரத்தின் வரலாற்றை இக்கேள்வியோடு நோக்குவோம்.

மதுரை நாயக்கர்களுக்கும் தொலைவே சிக்கல். நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்து, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஒவ்வொன்றின் காவலையும் ஒரு பாளையக்காரரிடம் ஒப்படைத்தனர் என்பது மரபு. தொலைவிலிருக்கும் தலைவனைத் தலைநகரின் சுவரோடு பிணைக்கும் உத்தி அது. எட்டயபுரமும் அப்பாளையங்களுள் ஒன்று. பாளையக்காரர் கப்பமும் படையும் அளித்தனர். காவலுக்காக ஊர்களிடம் காவல் வரி பெற்றனர். 1736இல் நாயக்கர் ஆட்சி முடிந்தபின் அவ்வரி வெறும் பறிப்பாகிவிட்டது என்று கும்பினியார் குற்றஞ்சாட்டினர்.

அவர்கள் கட்டுவதற்கு முன் இடித்தார்கள். 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டனர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தகர்க்கப்பட்டது. ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையும் 1801இல் வீழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் அறிவிப்பு, பாளையக்காரரின் கோட்டைகளையும் ஆயுதங்களையும் ஒழித்தது. கும்பினியார் பக்கம் நின்ற எட்டயபுரம் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு பெற்று, 1803இல் ஜமீனாயிற்று. 1802ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஜில்லா நீதிமன்றங்களைத் தோற்றுவித்தன. கோட்டை போய்க் கச்சேரி வந்தது. விளையாட்டின் விதிப்படி ஊழல் குறைந்திருக்க வேண்டும்.

குறைந்ததா? அரை நூற்றாண்டுக்குப் பின், 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை அளித்தது. வரி வசூலுக்காகக் கீழ்நிலை ஊழியர்கள் குடியானவர்களைக் கிட்டியில் நெரித்ததையும், குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தியதையும் அது பதிவு செய்தது. வதைபட்டவர் முறையிடாததற்கு அது கண்ட காரணங்களுள் ஒன்று, கலெக்டரை அடையக் கடக்கவேண்டிய தொலைவு.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. விளையாட்டு, தலைநகரிலிருந்து ஊருக்குள்ள தொலைவை அளக்கிறது. அரசின் கண்ணுக்கு அதுவே போதும். குடியானவனின் வாசலிலிருந்து அவன் முறையீட்டைக் கேட்கும் காதுவரை உள்ள தொலைவு வேறு. கச்சேரி எத்தனை எழும்பினாலும் இடையில் நிற்கும் ஊழியனே மாகாணம் முழுவதற்கும் வாயிற்காவலன் என்றால், அந்தத் தொலைவு குறைவதில்லை.