மத்தளக்காரர் இல்லாத களரி: பிளாக் சபத்தின் ‘13’ஐ கேட்டவர்கள்

மட்டக்களப்பில் மெற்றல் கேக்கிற ஆக்களை விரல் விட்டு எண்ணலாம். எங்கட ஹொஸ்டலில் மூண்டு பேர், அவ்வளவுதான். கொழும்பில ஸ்டிக்மாட்டா மாதிரிக் குழுக்கள் இருபது வருஷத்துக்கு மேல வாசிச்சாலும் அந்தச் சத்தம் வெலிகந்தை தாண்டி இஞ்சால பெரிசா வந்ததில்லை. எனக்கு இந்தப் பைத்தியம் பெரியம்மாட மகனிட்ட இருந்து தொத்தினது. 2013இல் பிளாக் சபத்தின் ‘13’ அல்பம் வந்தபோது நான் சின்னப் பொடியன். அண்ணன் அதைக் கேட்டு முடிச்சிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா இது சபத் இல்ல” எண்டு சொன்னது இன்னும் ஞாபகம். பிறகு கம்பசுக்கு வந்து அந்த நேரத்து விமர்சனங்களைத் தேடி வாசிச்சால், கன பேர் இதற்கு நேரெதிராக எழுதியிருந்தார்கள்: இதுதான் அசல் சபத், பழைய சபத் திரும்பி வந்துவிட்டது என்று. ஒரே அல்பத்துக்கு எப்படி இந்த இரண்டு தீர்ப்பும் வந்தது? அதற்கு 1970க்குப் போகவேண்டும்.

பேர்மிங்ஹாம் நகரத்தின் அஸ்ரன் பகுதி, தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த இடம். ரொனி ஐயோமி அங்கே தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பதினேழு வயதில், வேலையை விடுகிற கடைசி நாளில், இயந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளை வெட்டிவிட்டது. அவர் இடது கைக்காரர், அதனால் கிற்றார் தந்தியை அழுத்துகிற கை அது. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு மூடி செய்து மாட்டிக்கொண்டு திரும்ப வாசிக்கத் தொடங்கினார். விரல் நோகாமலிருக்கத் தந்தியைத் தளர்த்தப் போய், பிறகு சுருதி இன்னும் கீழே இறங்கியது. மெற்றலின் அந்தக் கனத்த சத்தத்தில் ஒரு பங்கு இந்தக் காயத்தால் வந்தது.

ஒஸி ஒஸ்போர்ன், கீஸர் பட்லர், பில் வார்ட் மூவரும் அவரோடு சேர்ந்து முதல் அல்பத்தை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை அது வெளிவந்தது. விமர்சகர்களுக்குப் பிடிக்கவேயில்லை. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் லெஸ்டர் பாங்ஸ், இவர்கள் கிறீம் குழுவின் மோசமான நகல் என்கிற மாதிரி எழுதினார். ஆனால் பொடியன்கள் வாங்கினார்கள். பிரித்தானியப் பட்டியலில் எட்டாம் இடம். அதே வருஷம் வந்த ‘பரனோயிட்’ முதலாம் இடத்துக்கே போனது. அதே ‘ரோலிங் ஸ்டோன்’ 2017இல் மிகச் சிறந்த நூறு மெற்றல் அல்பங்களைப் பட்டியல் போட்டபோது முதலாவதாக வைத்தது அந்தப் ‘பரனோயிட்’டைத்தான். சிரிப்பு வருதுதானே?

இப்ப 2013க்கு வருவம். ஒஸி பாடி வெளிவந்த கடைசி சபத் ஸ்ரூடியோ அல்பம் 1978இல். 35 வருஷ இடைவெளி. தயாரிப்பாளர் றிக் றூபின் அவர்களை இருத்தி அந்த முதல் அல்பத்தைக் கேக்க வைத்தார், அந்த மனநிலைக்குத் திரும்பச் சொன்னார். விளைவு காதுக்கு அப்படியே தெரியும். முதல் பாட்டு, 1970இன் முதல் பாட்டைப் போலவே மெதுவாக ஊர்ந்து வந்து பிறகு பாயுது. ‘சைட்கைஸ்ட்’ கேட்டால் ‘பிளனற் கரவன்’ ஞாபகம் வரும். கடைசிப் பாட்டு மழையும் இடியும் மணிச் சத்தமுமாக முடியுது, முதல் அல்பம் அப்படித்தான் தொடங்கினது. பிரித்தானியாவில் முதலிடம், ‘பரனோயிட்’டுக்குப் பிறகு முதல் தடவை. அமெரிக்காவிலும் முதலிடம், அது அவர்களுக்கு அங்கே முதன்முறை. அடுத்த வருஷம் கிராமி விருதும் கிடைச்சது. விமர்சகர்களில் பெரும்பாலானோர் பாராட்டினார்கள். எதுக்கு? 1970ஐப் போல இருந்ததுக்கு. அவர்களுடைய மூத்தவர்கள் காறித் துப்பின அதே சாமான் இப்ப அளவுகோல்.

ரசிகர்கள் வேற இடத்தில் நிண்டார்கள். 2011 நவம்பர் 11 அன்று நாலு பேரும் ஒண்டாக மேடையேறி மீள்வருகையை அறிவித்தவர்கள். மூண்டு மாதத்தில் பில் வார்ட், தான் கையெழுத்து வைக்கக்கூடிய ஒப்பந்தம் தரப்படவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒஸி பிறகு அவருடைய உடல்நிலையைக் காரணம் காட்டினார். அல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் றேஜ் அகெய்ன்ஸ்ற் த மெஷீன் குழுவின் பிராட் வில்க்.

‘டிரம்ஸ்காரர் மாறினா என்ன, பாட்டு அதேதானே’ எண்டு கேக்கலாம். கூத்துப் பாத்து வளந்த ஊர்க்காரர் அப்படிக் கேக்க மாட்டார். வட்டக்களரியில் ராசா வேஷத்தை ஆர் கட்டினாலும் மத்தளம் அண்ணாவியாரிட கையில்தான். அவர் தாளத்தை ஒரு சொட்டு இழுத்தால் ஆட்டக்காரன்ட காலும் சேந்து இழுபடும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடின கூத்தைச் சுருக்கிப் பேராதனை மேடைக்குக் கொண்டுபோனபோதும் மத்தளத்தைக் கைவிடவில்லை. வார்ட் ஜாஸ் டிரம்ஸ்காரர்களைக் கேட்டு வளர்ந்தவர். அவருடைய அடி நேர்கோட்டில் போகாது, கொஞ்சம் ஆடும், பிந்தும், கிற்றாரோடு கதைக்கும். வில்க் பிழையில்லாமல் அடிக்கிறார், ஆனால் கதைக்கிறதில்லை. இதோடு, சத்தத்தை அளவுக்கு மீறி ஏத்தி ஒலியை நசுக்கிவிட்டார்கள் என்ற முறைப்பாடும் இருந்தது. நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்க, அதில் நியாயம் இருக்கு.

அண்ணன் சொன்னதை நான் பாதிதான் ஏற்கிறேன். விமர்சகர்கள் 1970ஐப் போல இருக்கு எண்டு மெச்சினார்கள், ரசிகர்கள் 1970ஐப் போல இல்ல எண்டு குறைப்பட்டார்கள். இரண்டு பக்கமும் கையில வைச்சிருந்தது ஒரே அடிமட்டம். அறுபதைத் தாண்டின மூண்டு பேர் 2013இல் என்ன சொல்லுறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. ஐயோமிக்குப் புற்றுநோய் என்று 2012 தொடக்கத்தில் தெரியவந்தது. சிகிச்சைக்கு நடுவில்தான் இந்த அல்பத்தின் வேலை நடந்தது. அதைத் தெரிஞ்சு கொண்டு ‘கோட் இஸ் டெட்?’டின் கிட்டத்தட்ட ஒன்பது நிமிஷத்தைக் கேட்டால், அந்த மெதுவான கிற்றார் இருபது வயதுப் பொடியன் வாசிக்கக்கூடியது இல்லை என்று விளங்கும். 1970இல் அவர்கள் சாவைப் பற்றிப் பாடினது பேய்ப்படம் பாத்த பயம். இது ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து வந்த பயம். எனக்கு இந்தப் பாட்டுத்தான் அந்த அல்பம், மிச்சம் பாதி இல்லாட்டியும் பரவாயில்லை.

2025 ஜூலை 5, பேர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில் சபத்தின் கடைசிக் கச்சேரி. பில் வார்ட் டிரம்ஸில் இருந்தார். ஒஸியால் எழும்பி நிக்க ஏலாது, சிம்மாசனம் மாதிரி ஒரு கதிரையில் இருந்து பாடினார். 17 நாள் கழிச்சு, ஜூலை 22 அன்று, 76 வயதில் காலமானார். நாங்கள் மூண்டு பேரும் அந்த வீடியோத் துண்டுகளை ஒரு ஃபோனில் பாத்தோம். அண்ணனுக்கும் அனுப்பினேன். நாலு பேரும் சேந்து அன்றைக்கு வாசிச்சது நாலு பாட்டு: ‘வோர் பிக்ஸ்’, ‘என்.ஐ.பி.’, ‘அயர்ன் மான்’, ‘பரனோயிட்’. நாலுமே 1970இல் வந்தவை. ‘13’இலிருந்து ஒண்டும் இல்லை.