என்ஃபீல்டு: ஊர் பெயரான கதை

ஒரகடத்திலும் பக்கத்து வல்லம் வடகாலிலும் தயாராகும் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் பொறித்திருக்கும் 'என்ஃபீல்டு' ஓர் ஊரின் பெயர். ஆங்கிலேயர் சிலருக்கு அதுவே குடும்பப் பெயரும்கூட.

லண்டனுக்கு வடக்கே, பழைய மிடில்செக்ஸில் உள்ள ஊர் அது. வில்லியம் மன்னர் 1086-இல் நிலக்கணக்கு எடுத்த டூம்ஸ்டே ஏட்டிலேயே இடம்பெற்றுவிட்டது. பெயரின் பிற்பாதிக்கு மரங்களற்ற திறந்தவெளி என்று பொருள். முற்பாதியில்தான் வழக்கு: ஈயானா என்பவனின் நிலம் என்பர் சிலர், ஆட்டுக்குட்டிகள் வளர்ந்த இடம் என்பர் வேறு சிலர். எனக்கு ஆட்டுக்குட்டிப் பக்கமே சாய்வு. துப்பாக்கியால் பேர்பெற்ற ஊராயிற்றே!

1066-இல் நார்மானியர் வந்தபின், இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் படிப்படியாக நிலைத்தன. என்ஃபீல்டுக்குள்ளேயே இருப்பவனை ஊர்ப்பெயர் சொல்லி அழைத்து என்ன பயன்? வெளியூரில் குடியேறியவனுக்குத்தான் அது ஒட்டியது. நம்மிடமும் இந்த வழக்கம் உண்டு. சி.என். அண்ணாதுரையின் 'சி', காஞ்சிபுரத்தை வெள்ளைக்காரர் எழுதிய எழுத்து, 'என்' நடராசன். ஆனால் நம் தலைப்பெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். அவர்கள் பெயரோ ஊரையே பார்த்திராத கொள்ளுப்பேரனையும் விடாது. 1774-இல் 'தி ஸ்பீக்கர்' என்ற பேச்சுப் பயிற்சி நூலைத் தொகுத்த வில்லியம் என்ஃபீல்டு பிறந்தது சஃபோக்கின் சட்பரியில்.

ஊரின் பெயரை உலகறியச் செய்தது 1816-இல் அங்கே எழுந்த அரசுத் துப்பாக்கி ஆலை. 1857-இல் சிப்பாய்களைக் கொதிக்கவைத்த கொழுப்புத் தோட்டா என்ஃபீல்டு துப்பாக்கிக்குரியது. ஆக, மோட்டார் சைக்கிளுக்கு வெகுமுன்பே இந்தியா இப்பெயரை அறியும், அதுவும் கசப்போடு.

1890-களில், ஊசித் தொழிலுக்குப் பேர்போன ரெட்டிச் பகுதியில் சைக்கிள் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் ஈடிக்கும் ராபர்ட் வாக்கர் ஸ்மித்துக்கும் அந்தத் துப்பாக்கி ஆலைக்கு உதிரிபாகம் செய்துதரும் ஆர்டர் கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் சரக்குக்கும் என்ஃபீல்டு என்றே பெயரிட்டு, 'ராயல்' என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள் வந்ததும் ரெட்டிச்சில்தான். குடியேறிய மனிதனைப் போலவே வண்டிக்கும் வேற்றூரில்தான் பெயர் ஒட்டியிருக்கிறது.

ரெட்டிச் ஆலை 1967-இலும் துப்பாக்கி ஆலை 1988-இலும் மூடப்பட்டன. சென்னைப் பக்கம் 1955-இல் திருவொற்றியூருக்கு வந்த பெயர் 2013-இல் ஒரகடத்துக்கும் 2017-இல் வல்லம் வடகாலுக்கும் நகர்ந்தது. நம்மவர்கள் குடும்பப் பெயரைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 1932-இல் ஒரு மாடலுக்கு வைத்த பெயரைப் பிடித்துக்கொண்டு, எந்த மாடலானாலும் 'புல்லட்' என்றுதான் பலரும் கூப்பிடுகிறார்கள்.