ஸ்லோகன் சரி, கத்தரிக்காய் யாரோடது?

கேரளா டூர்னு சொன்னதும் உங்க காதுல ஒலிக்கிற வரி எது? 'காட்ஸ் ஓன் கன்ட்ரி' தானே? 1989-இல் முத்ரா விளம்பர நிறுவனத்தில் இருந்த வால்டர் மெண்டெஸ், கேரள சுற்றுலாத் துறைக்காக எழுதின வரி அது. அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, 1986-இல், கேரள அரசு சுற்றுலாவை ஒரு தொழிலாக அறிவிச்சுடுச்சு. தனியார் ஹோட்டல்கள் முதலீடு செய்ய வழி திறந்தது அப்போதான்.

இன்னைக்குக் கதை குமரகம். கோட்டயம் மாவட்டத்துல, வேம்பநாட்டுக் காயல் ஓரத்துல இருக்கிற கிராமம். 2000 டிசம்பர் கடைசியில் பிரதமர் வாஜ்பாய் இங்கே ஓய்வெடுக்க வந்தார். ஊர் பேர் நாடு முழுக்கத் தெரிஞ்சது. காயல் கரையில ரிசார்ட்டுகளும் பெருகின.

ஆனா ஊர்க்காரங்களுக்குக் கோபம். வயல் கைமாறுது, காயலுக்குப் போற வழி அடைபடுது. ரிசார்ட் சமையலறைக்குக் காய்கறியோ வெளியூர் மொத்த மார்க்கெட்ல இருந்து வருது. விளம்பரம் ஆளைக் கூட்டிட்டு வரும். அந்த ஆள் செலவழிக்கிற காசு யார் கைக்குப் போகும்னு அது முடிவு பண்ணாது.

2008-இல் அரசு கோவளம், தேக்கடி, வயநாடு, குமரகம்னு நாலு இடத்துல 'பொறுப்புச் சுற்றுலா' திட்டத்தை ஆரம்பிச்சது. குமரகத்துல பஞ்சாயத்தும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களும் இறங்கி வேலை பார்த்தாங்க.

சிக்கல் என்னன்னா, ஹோட்டலுக்குத் தினமும் ஒரே தரத்துல, ஒரே அளவுல சரக்கு வேணும். வீட்டுக்குப் பின்னாடி நாலு கத்தரிச்செடி வச்சிருக்கிற ஒரு அக்காவால தனியா அந்த வாக்கு கொடுக்க முடியாது. அதனால தரிசா கிடந்த நிலத்துல குழுவா பயிர் செஞ்சாங்க. விலை பேச ஒரு கமிட்டி, தரம் பார்க்க ஒரு கமிட்டி. விளைஞ்சதை வாங்கி ஹோட்டல்களுக்குக் கொடுக்க 'சம்ருத்தி'ன்னு ஒரு பொதுக்கடை. பாய் முடையறது, கயிறு திரிக்கிறது, மீன் பிடிக்கிறதைப் பார்க்க வர்றவங்க கொடுக்கிற காசும் ஊருக்குள்ளேயே வந்தது.

இதுக்குத்தான் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பு 2013-க்கான யுலிசஸ் விருதைக் கொடுத்தது. 2017-இல் மாநிலம் முழுக்கப் பொறுப்புச் சுற்றுலா மிஷன் வந்தது.

எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்லை. படகுவீடுகளோட கழிவு இன்னும் காயலுக்குத் தலைவலிதான். ஆனா ஒரு சுற்றுலாத் துறையோட வேலை போஸ்டரோட முடியறதில்லைன்னு குமரகம் காட்டுச்சு.

அடுத்த ட்ரிப்ல சாப்பிட உட்காரும்போது ஒரு கேள்வி கேளுங்க: "இந்தக் காய் எந்த ஊர்க் காய்ண்ணே?" என்ன பதில் வந்ததுன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.